ஒரு குறையும் இல்லை

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேகம் பிடித்துவிடும். வருகிறவர் கண்ணில் படக்கூடாதது எல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். வீட்டில் இல்லாதது எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வரும். ஜெர்மனியின் கொலோன் நகரில் மியூல்ஹைம் ரயில் பாதையோரத் தொடர்மாடியில் குடியிருந்த தவராசா வீட்டிலும் அந்தக் கார்த்திகைச் சனிக்கிழமை அதுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு வரவிருந்தவர்கள் விருந்தாளிகள் இல்லை. இந்த வீட்டில் உண்மையாகவே கஷ்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள்.

தவராசாவின் ஒரே மகள் மிதுசா பான் நகரப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். துணி தோய்க்கிற தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் கழன்று போய் ஆற்றில் சேர்கின்றன அல்லவா, அவற்றைப் பிடித்து நிறுத்துகிற ஒரு வடிகட்டியை அவள் செய்துகொண்டிருந்தாள். அந்த யோசனையே அப்பாவின் வேலையிடத்தைப் பார்த்து வந்ததுதான். தவராசா வேலை செய்தது ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற பெரிய சலவை ஆலையில். மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைப் பிரித்து, தோய்த்து, ஈரப் பாரத்தோடு தூக்கி, கொதிக்கிற உருளைக்குள் ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும். மகளுக்காக அவர் மெசினின் கழிவுக் குழாயில் தண்ணீர் பிடித்து, கபில நிறப் போத்தல்களில் அடைத்து, மெசின் இலக்கத்தையும் எழுதி ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். ட்ராமில் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பியர் என்று நினைப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அந்த மனிதர்தான் பிறகு இப்படிச் செய்தார் என்பதைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை.

மிதுசாவுக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஆய்வுத்திட்டம் மார்கழியோடு முடிகிறது. ஆய்வு முடிய இன்னும் ஒரு வருடம் வேண்டும். பேராசிரியையிடம் அவளுக்கு இடம் இருந்தது, கொடுக்கப் பணம் இல்லை. அந்த நேரத்தில்தான் ரைன்கரைத் தமிழ் ஒன்றியத்தின் உதவித்தொகை கண்ணில் பட்டது. விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு வருடாவருடம் கொடுப்பார்கள். கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது, குடும்பம் வசதி குறைந்ததாக இருக்கவேண்டும். ஒன்றியத்தின் தலைவர் சோதிலிங்கம். தவராசாவும் அவரும் அகதியாக வந்த காலத்தில் ஒரே முகாமில் மேல் கட்டில், கீழ்க் கட்டில் படுத்தவர்கள். இன்றைக்குச் சோதிலிங்கத்துக்குப் பலசரக்குக் கடை இருக்கிறது. தவராசாவுக்குத் தோள்மூட்டில் நோ இருக்கிறது.

வருகைக்கு முந்தின கிழமை ஒரு பின்னேரம், மகாதேவி குசினியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். விடிய முதல் எழும்பிப் போய் இரண்டு கந்தோர்களில் அலுவலக அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். வந்தால் இந்த ரோல்ஸ் வேலை. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி, எதற்கும் அவளுக்குத்தான் சொல்வார்கள். மெல்லிய தோசையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் இறைச்சியும் வைத்து, ஓரங்களை மடித்து, சுற்றி, மாக்கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி அடுக்குவாள். மிதுசா மேசையின் மறுபக்கம் மடிக்கணினியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாய்க்கு உதவினாள்.

"அம்மா, வாற சனி வீட்டைப் பாக்க வருவினம். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். நாங்கள் இருக்கிற மாதிரியே இருப்பம்."

"ஒண்டும் செய்யாமலோ? வாற சனத்துக்கு வாயிலை வைக்க ஒண்டும் குடாமல் அனுப்புறதே?"

"தேத்தண்ணி குடுங்கோ. காணும்."

"வெறுந் தேத்தண்ணியோ!" மகாதேவி மாப் பூசிய கையை நெஞ்சில் வைத்தாள்.

தவராசா காலை வேலை முடிந்து வந்து, தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டு கதவடியில் நின்றார். "ஏன் பிள்ளை வீட்டைப் பாக்க வருகினம்? கடுதாசியள் எல்லாம் குடுத்தனீதானே?"

"கடுதாசியை அவை நம்பேல்லையப்பா. எங்கடை ஆக்களின்ரை கடுதாசியிலை எல்லாரும் ஏழையாம். கடை வைச்சிருக்கிறவையின்ரை கடுதாசியும் ஒரே மாதிரித்தானாம். அதாலைதான் நேரை வந்து பாக்கினம்."

தவராசா சிரித்தார். "ஆர், சோதி சொன்னவனோ? அவனுக்குத் தெரியாமல் இருக்குமே!"

"அப்பா, பகிடி விடாதேங்கோ. என்ரை வேலை ஒப்பந்தம் மார்கழியோடை முடியுது. இது கிடைக்காட்டில் நான் பாதியிலை விடோணும். தை மாதத்திலயிருந்து உங்களுக்குப் பாதி நேர வேலைதான் எண்டதைச் சொல்லுங்கோ. தோளைப் பற்றிச் சொல்லுங்கோ. நான் இஞ்சை சோபாவிலைதான் படுக்கிறனான் எண்டதைச் சொல்லுங்கோ. அந்தச் சுவரிலை பூஞ்சணம் பிடிச்சிருக்கே, அதை மறைக்காதேங்கோ. உள்ளது உள்ளபடி. ஒரு மணித்தியாலந்தான்."

"ஓமோம். உள்ளதைத்தானே சொல்லோணும். நான் என்ன பொய்யே சொல்லப்போறன்?"

மிதுசா நம்பினாள். அப்பா சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

சனிக்கிழமை விடிய அவள் ஆய்வுகூடத்தில் ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியைப் பார்க்கப் பானுக்குப் போகவேண்டியிருந்தது. மழையில் நனைந்த ரயிலில் மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், வேறு வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. அவள் எழுதுகிற மடக்குமேசை பல்கனியில் நின்றது. அவளுடைய படுக்கை அலுமாரிக்குள் போய்விட்டது. பூஞ்சணம் பிடித்த சுவரில் புது வெள்ளைப் பூச்சு வாசம் அடித்தது, அதற்கு முன்னால் பெரிய அலுமாரி. அந்த அலுமாரியை அந்தத் தோளோடு எப்படித்தான் நகர்த்தினாரோ! மேசையில் பொன் விளிம்பு வைத்த கோப்பைத் தொகுதி. அது பக்கத்துக் கதவு அக்காவுடையது. மகாதேவி பட்டுச்சேலையில் நின்றாள், கையில் நாலு பவுண் வளையல். அதுவும் பக்கத்துக் கதவுடையதுதான். குசினியில் இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, றால் பொரியல்.

"அம்மா!"

"கத்தாதை. வந்திட்டினம், லிஃப்ட் சத்தம் கேக்குது."

வந்தது இரண்டு பேர். சோதிலிங்கம் ஒருவர். மற்றவள் கவிசா, இங்கேயே பிறந்து வளர்ந்து வரி ஆலோசகராக இருக்கிற பெண், ஒன்றியத்தின் செயலாளர். வரவேண்டிய மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல். சோதிலிங்கம் சப்பாத்தைக் கழற்றும்போதே, "என்னடாப்பா, றோட்டிலயே வாசம் வருது," என்றார். தவராசா கோட்டும் சூட்டும் போட்டு, மகளின் பட்டமளிப்புக்கு வாங்கிய கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார்.

கவிசா சாப்பிட முன்னம் கேள்விகளை முடித்துவிட விரும்பினாள். நல்ல பிள்ளை, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "அங்கிள், நீங்கள் இப்ப முழுநேர வேலையோ?"

"ஓம் பிள்ளை. வந்த காலத்திலயிருந்து அந்த ஆலைதான். எனக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரன் எல்லாம் விட்டிட்டு ஓடிட்டான்."

"தை மாதத்திலயிருந்து அப்பாவுக்குப் பாதி நேரந்தான்," என்றாள் மிதுசா. "தோள் ஏலாது. டொக்டர் பாரம் தூக்கக் கூடாது எண்டிட்டார்."

"அது நானாய்க் கேட்டு எடுத்தது," தவராசா குறுக்கே விழுந்தார். "காணும் எண்டு. கொஞ்சம் ஆறுதலாய் இருப்பம் எண்டு. தோளுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு!"

சொன்னதை நிரூபிக்கிறவர் போல இறைச்சிக் கறிச் சட்டியை வலது கையாலேயே தூக்கி மேசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நெற்றியில் வியர்வை பொடித்தது. அதைக் கண்டது இரண்டு பேர். ஒருத்தி மகள். மற்றவர் சோதிலிங்கம். அவர் உடனே குனிந்து இடியப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினார்.

"மிதுசாவுக்குத் தனி அறை இருக்கோ?"

"இருக்கு, இருக்கு," தவராசா தானும் மனைவியும் படுக்கிற அறைக் கதவைக் காட்டினார்.

"இல்லை. நான் இந்தச் சோபாவிலைதான் படுக்கிறனான்."

"ரீவி பாத்துப் பாத்து இஞ்சையே நித்திரையாய்ப் போடுவாள்!" என்று அவர் சிரித்தார். சோதிலிங்கம் சிரித்தார். மகாதேவியும் வளையல் சத்தத்தோடு சிரித்தாள். கவிசா மட்டும் மிதுசாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டையான கணினியில் ஏதோ பதிந்தாள். தன் வாயால் வந்த உண்மை அந்தச் சிரிப்பில் பொய்யாகிப்போனதை மிதுசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பெரிசாய்க் கஷ்டம் எண்டு இல்லை, அங்கிள்?" கவிசா கடைசியாக ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் பார்த்தாள்.

யன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை தவராசா பொறுத்திருந்தார்.

"கடவுளேயெண்டு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை," என்றார். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

சோதிலிங்கம் மூன்றுதரம் கறி போட்டுச் சாப்பிட்டார். போகும்போது மகாதேவி ரோல்ஸ் பொதி கட்டிக் கொடுத்தாள்.

கதவு சாத்திய பிறகு மிதுசா அழவில்லை. பல்கனியில் நனைந்துகொண்டிருந்த மடக்குமேசையை உள்ளே கொண்டுவந்து துடைத்தாள். மகாதேவி வளையலைக் கழற்றச் சவர்க்காரம் தேடினாள்.

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நான் என்ன செய்தனான்? வீட்டை வந்த ஆக்களை மரியாதையாய் அனுப்பினனான்."

"மரியாதைக்கு வந்தவையோ அவை? எங்கடை கஷ்டத்தைப் பாக்க வந்தவை. நீங்கள் வெள்ளை அடிச்சுக் காட்டியிருக்கிறீங்கள்!"

"அந்தக் கவிசா உன்ரை வயசுப் பிள்ளை. அதுக்கு முன்னாலை இருந்து, நான் ஏலாதவன், என்னாலை என்ரை பிள்ளையைப் படிப்பிக்க வக்கில்லை எண்டு சொல்லுறதே?"

"ஏலாதவர் எண்டு ஆர் சொல்லச் சொன்னது? உள்ளதைச் சொல்லச் சொன்னனான். ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"நானும் கனக்கச் சமைச்சுப்போட்டன்," என்றாள் மகாதேவி, யாரும் கேட்காமலே.

தவராசா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "உனக்குத் தெரியாது பிள்ளை. வந்த புதுசிலை எங்களுக்குக் காசு தாறேல்லை. சாமான் வாங்கிற துண்டுதான் தந்தவை. நானும் சோதியும் அந்தத் துண்டைக் கொண்டு பாண் வாங்கக் கடையிலை நிப்பம். காசுப் பெட்டியிலை இருக்கிறவள் அந்தத் துண்டை எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சு மனேச்சரைக் கூப்பிடுவாள். பின்னாலை முழுச் சனமும் நிண்டு எங்களைப் பாக்கும். அண்டைக்கு நினைச்சனான், இனி ஒருத்தருக்கு முன்னாலையும் கை நீட்டுறேல்லை எண்டு."

மிதுசாவுக்கு அது புதுக் கதை. கேட்கப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தப் பாவம் அவளுடைய ஒரு வருடத்தைத் தராது. "அது உங்கடை கை, அப்பா. இது என்ரை படிப்பு," என்றாள். "நீங்கள் கை நீட்டவேண்டாம். சோதி மாமாவுக்கு எடுத்து, உள்ளதை மட்டும் சொல்லுங்கோ. இன்னும் அவை கூட்டம் வைக்கேல்லை."

அவர் கனநேரம் தோளைத் தடவிக்கொண்டு இருந்தார். "சரி. அவனிட்டைத் தனிய எண்டால் சொல்லுவன்."

அடுத்த நாள் பின்னேரம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாயும் மகளும் ரோல்ஸ் சுற்றுகிற சாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தது. கையை ஆட்டிக் கதைத்தார். ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். மிதுசா அந்தச் சிரிப்பைக் கண்டாள், கூட்டாளிகள்தானே என்று விட்டுவிட்டாள்.

உள்ளே வந்தார். "சொல்லிப்போட்டன்."

"எல்லாம் சொன்னனீங்களோ?"

"ஓம். அவன் பாக்கிறன் எண்டவன். நீ உன்ரை வேலையைப் பார்."

மகாதேவி விளக்கடியில் போய் ஒரு கற்பூரம் கொளுத்தினாள்.

ஒன்றியத்தில் ஒரு பழக்கம். உதவித்தொகை யாருக்கு என்பதைப் பொங்கல் விழா மேடையில்தான் சொல்வார்கள். சொல்லாமல் வைத்திருந்தால்தான் சனம் கடைசிவரை இருக்கும் என்பது சோதிலிங்கத்தின் கணிப்பு. மார்கழி நடுவில் பேராசிரியை மிதுசாவைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்திலேயே கடைசிக்கட்ட ஆய்வுக்காரருக்கு ஒரு சிறிய உதவித்தொகை இருக்கிறது, விண்ணப்ப முடிவு வெள்ளிக்கிழமை என்று சொன்னார். ஒரு நிபந்தனை. வேறு எங்கும் விண்ணப்பித்திருக்கக் கூடாது, இருந்தால் அதை மீளப் பெறவேண்டும்.

அன்று குசினியில் தகப்பன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. சோதி மாமாவுக்கு உண்மையாய்ச் சொன்னனீங்களோ? யூனியிலை இன்னொரு உதவித்தொகை இருக்கு. ஒண்டுக்குத்தான் போடலாம். நீங்கள் சொல்லேல்லை எண்டால் நான் இதை விட்டிட்டு அதுக்குப் போடுறன். கோவிக்கமாட்டன்."

இதைவிட எப்படிக் கேட்பது? கோபிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். தப்புவதற்குக் கதவையே திறந்து வைத்துக் கொடுத்தாள். தவராசா கோப்பையை மேசையில் வைத்தார்.

"தகப்பன் சொன்னால் நம்பமாட்டியோ? சொன்னால் சொன்னதுதான்."

மிதுசா பல்கலைக்கழகத்து விண்ணப்பத்தைப் போடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்தக் கிழமையும் அவர் அவளுக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்.

பொங்கல் விழா ஒரு பாடசாலை மண்டபத்தில். வெளியே கார்த் தரிப்பிடத்தில் கூடாரம் போட்டு, காஸ் அடுப்பில் பானை வைத்துப் பொங்கினார்கள். மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஆண்கள் வேட்டிக்குள் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்கள். பிள்ளைகளின் நடனம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில் மகாதேவி ரோல்ஸ் பொரித்தாள். மிதுசா தட்டத்தில் அடுக்கிச் சனத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். தவராசா முன்வரிசையில், அதே கோட்டு சூட்டில் இருந்தார்.

சோதிலிங்கம் மேடைக்குப் போக முன்னம் வயிற்றுக்கு ஏதும் போடுவோம் என்று சமையலறைப் பக்கம் வந்தார். சூடான ரோல்ஸ் ஒன்றை எடுத்து ஊதினார். மிதுசாவைக் கண்டதும் அவருடைய முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"மாமா," என்றாள் மிதுசா. "அப்பா உங்களுக்கு எடுத்துச் சொன்னவர் எல்லே?"

"ஓம் பிள்ளை, எடுத்தவன்." ரோல்ஸைக் கையில் வைத்தபடியே நின்றார். "உன்ரை கொப்பருக்குப் பெரிய மனம். நான் கேட்டனான், என்ன மச்சான், பிள்ளையின்ரை விசயம் எப்பிடி எண்டு. அவன் சொன்னான், என்ரை பிள்ளை எண்டு நீ பாக்கவேண்டாம், தேவைப்பட்ட பிள்ளைக்குக் குடு எண்டு. ஆர் அப்பிடிச் சொல்லுவினம்? பிறகு கடையிலை ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் சொல்லிப்போட்டு ஃபோனை வைச்சவன்."

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற மகாதேவி அகப்பையோடு திரும்பினாள்.

"தேவைப்பட்ட பிள்ளைக்குக் குடு எண்டவரோ?" என்றாள் மிதுசா. "மாமா, உங்களுக்குத் தெரியாதோ எங்கடை வீட்டு நிலைமை?"

சோதிலிங்கம் கதவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "தெரியும் பிள்ளை. கொம்மா போட்டிருந்த வளையல் இரவல் எண்டும் தெரியும். அவன் கறிச்சட்டி தூக்கேக்கை பட்ட பாடும் தெரியும். ஆனால் அவன் வாய் திறக்காமல், நான் எப்பிடி அவன்ரை வீட்டுக் குறையைச் சபையிலை வைக்கிறது? பிறகு அவன் என்ரை முகத்திலை முழிப்பானோ?"

"அப்ப என்ரை முகத்திலை நீங்கள் முழிக்கலாமோ?"

"விண்ணப்பிச்ச மற்றப் பெடியன் வீட்டிலை வெறுந் தேத்தண்ணிதான் தந்தவை," என்று சோதிலிங்கம் முணுமுணுத்தார். "தாய் மனுசி அழுதுபோட்டா. கவிசா எழுதிப்போட்டாள், நான் கையெழுத்து வைச்சன்." ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொன்னார்கள். கடித்த ரோல்ஸைத் தட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மிதுசா தட்டத்தோடு மண்டபத்தின் பின்சுவரடியில் வந்து நின்றாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கால் கொண்டுவந்தது.

உதவித்தொகை ஆகன் நகரில் பொறியியல் ஆய்வு செய்கிற வினோஜனுக்கு என்று அறிவித்தார்கள். மெலிந்த, கூச்சமான பெடியன். தகப்பன் டாக்ஸி ஓடுகிறவர். அவனுக்கும் தேவை இருந்திருக்கும், யார் இல்லையென்றது? அவன் மேடையேறி நின்றான். பிறகு சோதிலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். கூட்டாளிக்கு ஏதோ ஒரு கடனைத் தீர்க்கிறவர் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"இந்த உதவித்தொகையை வழங்கி, பொன்னாடை போர்த்துவதற்கு ஒருவரை அழைக்கிறேன். தன்னுடைய மகளும் விண்ணப்பித்திருந்த நிலையிலும், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தேவைப்பட்ட பிள்ளைக்கே கொடுங்கள் என்று சொன்ன பெரிய மனிதர். என்னுடைய நண்பர் தவராசா அவர்கள்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பியே தட்டினார்கள். இது தவராசாவுக்கும் தெரியாது, சோதிலிங்கம் தன்பாட்டில் செய்தது. தவராசா கதிரையின் விளிம்பைப் பிடித்து எழும்பினார். எழும்பியதும் மேடையைப் பார்க்கவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தார். சனத்தின் தலைகளுக்கு மேலால் மகளைத் தேடினார். கண்டார். மிதுசா தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் வெட்டாமல் அவரைப் பார்த்தாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. யாரோ, "போங்கோ அண்ணை, போங்கோ," என்று அவருடைய முதுகைத் தொட்டார்கள்.

அவர் போனார்.

படியேறினார். சால்வையை விரித்தார். வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. ஒருதரம் முயன்றார், முகம் சுருங்கியது. வினோஜன் அதை மரியாதை என்று நினைத்தானோ என்னவோ, நன்றாகக் குனிந்து கொடுத்தான். சால்வை அவனுடைய கழுத்தில் விழுந்தது. தவராசா உறையையும் கொடுத்து, கமராவுக்குச் சிரித்தார். அவருக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். அந்தச் சிரிப்பு பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால்கூட மிதுசா தாங்கியிருப்பாள். அப்பா உண்மையாகவே சந்தோசப்பட்டார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சமையலறையில் மகாதேவி அடுப்பை அணைத்தாள். "அறுந்த மனுசன்," என்றாள். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் புருசனை அப்படிச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, மிதுசா பல்கனியில் இருந்த போத்தல் பெட்டியைக் குசினிக்குத் தூக்கிவந்தாள். கபிலப் போத்தல்கள், அப்பாவின் சரிந்த எழுத்தில் மெசின் இலக்கங்கள். ஒன்றின் மூடியைத் திறந்து கைகழுவுகிற தொட்டிக்குள் கவிழ்த்தாள். சவர்க்கார வாசத்தோடு சாம்பல் தண்ணீர் இறங்கிப்போனது.

தவராசா சத்தம் கேட்டு எழும்பி வந்தார். நேற்றுப் போர்த்திய பொன்னாடை குசினிக் கதிரையில் மடித்தபடி கிடந்தது.

"என்ன செய்யிறாய்? உது இந்தக் கிழமைத் தண்ணியெல்லே. அந்தக் கடைசி மெசினுக்குக் கீழை படுத்துக் கிடந்து பிடிச்சனான்."

அவள் இரண்டாவது போத்தலைத் திறந்தாள்.

"பிள்ளை, விடு. உனக்கு அது தேவை."

"எனக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நான் உங்களிட்டைக் கேட்டனான் அப்பா. இந்த மேசையிலை வைச்சுக் கேட்டனான். கோவிக்கமாட்டன் எண்டும் சொன்னனான். சொல்லிப்போட்டன் எண்டு என்ரை கண்ணைப் பாத்துச் சொன்னனீங்கள். உங்கடை பேருக்காக என்னை வித்துப்போட்டீங்கள்."

"அப்பிடிச் சொல்லாதை."

"வேறை எப்பிடிச் சொல்ல? நேற்றுப் பேராசிரியைக்கு எழுதிப்போட்டன், இனி வரேல்லை எண்டு. நாளையிலயிருந்து அம்மாவோடை கந்தோர் துடைக்கப் போறன்."

மகாதேவி அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். மகளைத் தடுக்கவும் இல்லை, கணவனுக்காகக் கதைக்கவும் இல்லை.

மிதுசா போத்தலைச் சரித்தாள். "இரு," என்றார் தவராசா. "ஊத்தாதை, இரு. நான் இப்பவே சோதிக்கு எடுக்கிறன். எல்லாத்தையும் சொல்லுறன். ஒன்றியத்திலை வேறை காசு இருக்கும். அவன் ஏதும் செய்வான். உனக்கு முன்னாலையே சொல்லுறன், நீ கேள்."

மிதுசாவின் கை நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் நின்றது பாருங்கள். மூடி திறந்த போத்தலைச் சரித்தபடியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

அவர் இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியைக் காதில் வைத்தார். மறுபக்கம் சோதிலிங்கம் எடுத்த உடனேயே பெருங்குரலில் எதையோ சொல்வது கேட்டது. தவராசா வாயைத் திறந்தார், மூடினார். கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய இடது கை, தன்பாட்டில் போய், கதிரையில் கிடந்த பொன்னாடையை நீவிவிட்டது.

"ஓம் மச்சான்... ஓம், எல்லாரும் சொன்னவை... வடிவாய் இருந்தது... இல்லை, இல்லை, ஒரு குறையும் இல்லை. சும்மாதான் எடுத்தனான்."

மிதுசா போத்தலை முழுதாகக் கவிழ்த்தாள்.